ஐந்து நாடுகள், ஒரு பாக்கெட்: மடக்குக்கத்தியோடு ஒரு பயணம்

நாள் 0: பை கட்டும் முன்

லண்டனில் தொடங்கி ஸோலிங்கன், சுவிட்சர்லாந்தின் ப்ரூன்னன், பிரான்ஸின் சவோய், தியேர் வழியாகக் கோபன்ஹேகனில் முடிகிற பாதை இது. இந்த ஊர்களில் நான்கு, கத்தியால் பெயர் பெற்றவை அல்லது அதற்குப் பக்கத்தில் இருப்பவை. கடை கடையாகக் கத்தி விற்கும் ஊரில் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தால் அபராதம் விழலாம் என்பதுதான் இந்தப் பாதையின் சுவாரசியம்.

மடக்குக்கத்தி பற்றி எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம்?" என்பதுதான். பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. நீளம் ஒரு கேள்வி மட்டுமே. விரித்த அலகு பூட்டிக்கொள்கிறதா, ஒரே கையால் விரிக்க முடிகிறதா, அதை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்றும் நீளத்தைவிடப் பெரிய கேள்விகள். நான்கில் எதை முன்னே வைப்பது என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கத்தியை முழுதாக விரியுங்கள். பட்டன், வளையம், உள்தகடு எதையும் தொடாதீர்கள். அலகின் மழுங்கிய முதுகுப்பக்கத்தை மட்டும் பிடித்து மெதுவாக மடக்குங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி மடங்கினால் பூட்டு இல்லை. மடங்கவில்லையென்றால் பூட்டு இருக்கிறது. பூட்டில்லாத கத்தியில் முதுகு ஸ்பிரிங் ஒன்று அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பூட்டுள்ளவற்றில் பலவகை உண்டு: மெல்லிய உள்தகடு பக்கவாட்டில் சரிந்து அலகுக்கு முட்டுக்கொடுப்பது, முதுகில் நெம்புகோல் விழுவது, கழுத்தில் வளையம் திருகுவது. எந்த வகையானாலும் சட்டத்தின் கண்ணில் பூட்டு பூட்டுதான்.

அடுத்தது அளவு. மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ஸ்கேல் எடுத்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரான விளிம்பின் நீளம் ஒன்று, முனையிலிருந்து கைப்பிடி தொடங்கும் இடம் வரை இன்னொன்று. வளைவின் மேல் நூல் பிடித்து அளக்காமல் நேர்கோட்டில் அளக்க வேண்டும். கைப்பிடியை ஒட்டி கூர் தீட்டாத சிறு பகுதி இருக்குமே, இரண்டு எண்ணும் வேறுபடுவது அதனால்தான். அதை நம்பி எல்லைக்கோட்டில் நிற்கும் கத்தியை எடுத்துப் போகாதீர்கள். தெருவில் அளப்பவர் பெரும்பாலும் கைப்பிடியிலிருந்தே ஸ்கேல் வைப்பார்.

இந்தத் தொடர் முழுக்க ஐந்து கத்திகளை ஒவ்வொரு எல்லையிலும் நிறுத்திப் பார்ப்போம். சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின், சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தி (இந்த மி.மீ. எண்கள் மடக்கிய நிலையில் கத்தியின் நீளம்). வழக்கமான சிவப்பு 91 மி.மீ. விக்டோரினாக்ஸ்; அதன் அலகு ஏறக்குறைய 7 செ.மீ., பூட்டு கிடையாது. பிரான்ஸின் மரக் கைப்பிடிக் கத்தியான ஒபினெல் 5-ஆம் எண், அலகு 6 செ.மீ., பூட்டு கிடையாது. ஒபினெல் 8-ஆம் எண், 8.5 செ.மீ., வளையப் பூட்டு. கடைசியாக, சுவிஸ் ராணுவம் 2009 முதல் வழங்கும் 111 மி.மீ. சிப்பாய்க் கத்தி, ஒரு கையால் விரியும், பூட்டிக்கொள்ளும்.

நாள் 1: லண்டன்

இங்கிலாந்தின் விதி காகிதத்தில் மிகத் தெளிவு. 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139: தக்க காரணமின்றி பொது இடத்தில் அலகுள்ள அல்லது கூர்முனையுள்ள பொருளை வைத்திருப்பது குற்றம். ஒரே விலக்கு, கூர்விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீ.யைத் தாண்டாத மடக்குப் பாக்கெட் கத்தி. அதற்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு நான்கு ஆண்டுகள் வரை சிறை உண்டு.

"மடக்கு" என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விரிந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி, பூட்டியிருக்கும் நேரத்தில் மடங்காத கத்திக்குச் சமம் என்று 1992-இல் ஹாரிஸ் வழக்கில் தீர்ப்பானது. 1998-இல் டீகன் வழக்கு அதை உறுதி செய்தது. ஆக, 2 அங்குல அலகானாலும் பூட்டு இருந்தால் விலக்கு இல்லை. பூட்டும் அலகு உள்ள மல்டிடூலுக்கும் இதே கதிதான். குறடுக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது என்பதால் அது வேறு பொருளாகிவிடாது.

நம் ஐந்தில் 58, 91, ஒபினெல் 5 மூன்றும் தேறுகின்றன. ஒபினெல் 8 இரண்டு காரணங்களால் தோற்கிறது: நீளமும் வளையமும். சிப்பாய்க் கத்தியும் அப்படியே. ஒபினெல் வளையத்தைத் திருகாமல் விட்டால் பூட்டில்லாத கத்திதானே என்று வாதாடுவோர் உண்டு. 8-ஆம் எண்ணுக்கு அந்த வாதமே வீண். நீளத்தில் அது முதலிலேயே வெளியே போய்விட்டது.

தக்க காரணம் என்றால் வேலை, மத வழக்கம், தேசிய உடை ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்கிறது. சீக்கியர் மத வழக்கமாக அணியும் கிர்பான் கத்தி இதில் வரும். எந்தக் காரணமானாலும் அதைக் கத்தி வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கம்பளம் விரிப்பவர் வேலைக்குப் போகும் வழியில் வைத்திருப்பது காரணம். அதே கத்தி ஞாயிறு இரவு பப்பில் கோட்டுப் பையில் இருந்தால் காரணம் கரைந்துவிட்டது. "மறந்துபோய்ப் பையில் கிடந்தது" என்பது மட்டும் தக்க காரணமாகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. தெருவில் நிற்கும் கார் உங்கள் வீடும் அல்ல. கதவுப் பெட்டிக்குள் கிடக்கும் கத்தி பொது இடத்தில் இருக்கும் கத்திதான்.

ஒரு வார்த்தையை மட்டும் வாயில் வரவிடக் கூடாது: தற்காப்பு. 3 அங்குலத்துக்குக் குறைந்த, பூட்டில்லாத, முழுக்கச் சட்டபூர்வமான கத்தியையும் அந்த ஒரு சொல் ஆயுதமாக்கிவிடும். 1953-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் பொருளின் நீளத்தைப் பார்ப்பதில்லை, அதை வைத்திருப்பவரின் எண்ணத்தைப் பார்க்கிறது. இது லண்டனுக்கு மட்டுமல்ல, இந்தப் பாதை முழுமைக்கும் பொருந்தும்.

போலீஸ் நிறுத்தினால்: கைகள் தெரியும்படி இருக்கட்டும். சோதனைக்கு முன்பே "வலது பாக்கெட்டில் சின்ன மடக்குக்கத்தி இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். காட்டுகிறேன் என்று நீங்களே எடுக்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 60 அமலில் இருக்கும் பகுதியில் சந்தேகம் எதுவும் இல்லாமலே சோதனையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. "ஏன் என்னை மட்டும்" என்று அங்கே வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்று, சட்டம் அனுமதிப்பதும் கட்டட வாசல் அனுமதிப்பதும் ஒன்றல்ல. நீதிமன்றம், நாடாளுமன்றம், விளையாட்டரங்கம், பல அருங்காட்சியகங்களில் சாவிக்கொத்துக் கத்தியும் உள்ளே போகாது. அன்றைய நாள் அப்படிப்பட்ட வாசல்கள் என்றால் காலையிலேயே சாவிக்கொத்திலிருந்து கழற்றி அறையில் வைத்துவிடுங்கள்.

நாள் 2: விமான நிலையம்

இன்று சொல்ல ஒரே விஷயம்: கத்தி செக்-இன் பையில். அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஆனாலும் யோசிப்பார்கள், காரணம் 6 செ.மீ. என்ற எண். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1998 ஒழுங்குவிதி, கேபினுக்குள் தடை செய்யும் பொருள்களில் "6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுள்ள கத்தி" என்கிறது. அதற்குக் குறைந்தது கையோடு போகலாம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். இங்கிலாந்தின் பட்டியலோ கூரான அலகு அல்லது கூர்முனை இருந்தாலே கேபினில் வேண்டாம் என்கிறது. அமெரிக்காவிலும் இந்த அளவை ஏற்கப் பார்த்தார்கள். 2013 மார்ச்சில் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் கைவிட்டார்கள். போகும்போது ஒரு விமான நிலையம் விட்டதை வரும்போது இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும். ஸ்கேனர் முன் நிற்பவர் வேண்டாமென்றால் பின்னால் நீளும் வரிசையில் நின்று ஒழுங்குவிதி எண் சொல்லி வெல்ல முடியாது.

கட்டும் முறை: மடக்கி, உறையிலோ மடித்த அட்டையிலோ சுற்றி, ரப்பர் போட்டு, பையின் நடுவில் துணிகளுக்கிடையே. பையைத் திறந்து சோதிப்பவரின் விரல் வெட்டுப்படக் கூடாது என்பதற்குத்தான் இந்த அட்டை.

தவறுவது எங்கே? ஒன்று, செக்-இன் இல்லாத மலிவு டிக்கெட். "கேட்டில் எப்படியும் பையை வாங்கிக் கீழே போடுவார்கள்" என்று நம்பிக் கத்தியை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கு முன்னால் ஸ்கேனர் இருக்கிறதே. இரண்டு, முந்தைய நாள் தோளில் மாட்டிய சிறு பை. பெரிய கத்தியை எவரும் மறப்பதில்லை, 58 மி.மீ. சாவிக்கொத்துக் கத்திதான் பறிமுதல் டப்பாவுக்குப் போகிறது. கைப்பை மட்டும் எடுத்துப் பறப்பவர்களுக்காக விக்டோரினாக்ஸே ஜெட்செட்டர் என்று அலகில்லாத 58 மி.மீ. ஒன்றைப் போட்டிருக்கிறது. மூன்று, தனித்தனி டிக்கெட்டில் மாறும் விமானங்கள். நடுவில் பையை எடுத்து மறுபடி கொடுக்கிறீர்கள் என்றால், அந்த ஒரு மணி நேரம் அந்த நாட்டுச் சட்டமும் பையோடு சேர்ந்து உங்கள் கையில் இருக்கிறது.

நாள் 3: ஸோலிங்கன்

டூசல்டார்ஃபிலிருந்து சிறிது தூரத்தில், "அலகு நகரம்" என்றே தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர். அலகில் "ஸோலிங்கன்" என்று பொறிக்க 1938 முதல் சட்டக் கட்டுப்பாடு உண்டு. இப்போதுள்ள விதி 1994-இல் வந்தது. கிரேஃப்ராத் பகுதியில் பழைய மடத்துக் கட்டடம் ஒன்றில் ஜெர்மன் அலகு அருங்காட்சியகம் இருக்கிறது. வாளும் கரண்டியும் சவரக்கத்தியும் ஒரே கூரையின் கீழே பார்க்கலாம்.

இங்கே லண்டனின் கணக்கு செல்லாது. ஜெர்மனியில் ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவு 2008 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அது பொது இடத்தில் எடுத்துச் செல்லத் தடை போடும் கத்திகள் முக்கியமாக இரண்டு: ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய மடக்குக்கத்தி, எவ்வளவு சிறிதானாலும்; அடுத்து, 12 செ.மீ.க்கு மேல் அலகுள்ள, மடங்காத நிலைக்கத்தி. மீறினால் 10,000 யூரோ வரை அபராதம், கத்தியும் போகும்.

முதல் விதியை இன்னொரு முறை படியுங்கள். "ஒரு கை", "பூட்டு" இரண்டும் சேர்ந்தால்தான் தடை. கட்டைவிரல் குமிழ் இருந்தும் பூட்டு இல்லையென்றால் 42அ பிடிக்காது. பூட்டு இருந்தும் நகக்குழியில் நகம் வைத்து இரு கையால்தான் இழுக்க வேண்டும் என்றாலும் பிடிக்காது. அதனால் லண்டனில் இரு காரணத்தால் தோற்ற ஒபினெல் 8, ஜெர்மன் தெருவில் 42அ-வின் கீழ் வரவே வராது. சிப்பாய்க் கத்தி மட்டும் கச்சிதமாக மாட்டுகிறது.

இந்தப் பிரிவுக்கு ஏற்பக் கத்தி செய்வது இங்கே ஒரு தனித் துறையாகவே ஆகிவிட்டது. கட்டைவிரல் குமிழைத் திருகிக் கழற்றும்படி சில மாடல்கள் வரும். கழற்றியபின் ஒன்றைச் சோதியுங்கள்: திருகு போன துளையில் விரல் நுனி பிடித்தோ, கையை உதறியோ அலகு விரிகிறதா? விரிந்தால் குமிழ் போனாலும் வாதம் மிச்சம் இருக்கிறது. மூட்டுத் திருகைச் சற்று இறுக்கி உதறினால் விரியாதபடி செய்வது வழக்கம்தான். ஆனால் திருகு நாளடைவில் தளரும். இன்று இறுக்கமாக இருப்பது அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடையில் 42அ-வுக்கு மாட்டும் கத்தியைத் தாராளமாக விற்பார்கள். விற்பதும் வாங்குவதும் குற்றமில்லை. விரித்து மடக்கிப் பாக்கெட்டில் போட்டுத் தெருவில் இறங்குவதுதான் சிக்கல். மூடிய பெட்டிக்குள் எடுத்துப் போகலாம். கடைக்காரர் ஒட்டிய டேப்பைப் பிரிக்காமல், ரசீதை உள்ளேயே வைத்து, பையின் அடியில் போடுங்கள். சிறு பூட்டுப் போட்ட டப்பா இன்னும் நல்லது.

2024 ஆகஸ்ட் 23 இரவு, இந்த ஊரின் 650-ஆவது ஆண்டு விழாக் கூட்டத்தில் கத்திக்குத்து நடந்து மூவர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 முதல் சட்டம் இறுகியது. பொது விழாக்களில் எந்தக் கத்தியும் கூடாது, 58 மி.மீ. உட்பட. பட்டன் அமுக்கினால் தெறித்து விரியும் ஸ்பிரிங் கத்தி, சில தொழில் விலக்குகள் தவிர, வைத்திருக்கவே தடை. பழைய இணையப் பக்கங்கள் "பக்கவாட்டில் விரியும் 8.5 செ.மீ. வரை பரவாயில்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். அது காலாவதியான கணக்கு. கத்திச் சட்டம் பற்றிப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தின் தேதி.

நாள் 4: ரயிலில் தெற்கே

நாள் முழுக்க ரயில், நாள் முழுக்க ஜெர்மன் ஆயுதச் சட்டத்தின் ஒரே பிரிவு: 42ஆ. நெடுந்தூர ரயில்களிலும் அவற்றின் மூடிய நிலையப் பகுதிகளிலும் எந்தக் கத்தியும் கையில் கூடாது. நேற்றுத் தெருவில் சட்டபூர்வமாக இருந்த ஒபினெலும் 91-உம் ரயிலேறும் முன்பே பாக்கெட்டை விட்டுப் போக வேண்டும். உள்ளூர் வண்டிகளுக்கு மாநிலங்கள் தனித்தடை போடலாம். பெர்லினில் 2025 முதல் அப்படி ஒன்று இருக்கிறது.

எங்கே வைப்பது? "உடனே எடுக்க முடியாதபடி" என்கிறது சட்டம். மூன்று கையசைவுக்கு மேல் தேவைப்பட்டால்தான் கத்தி எட்டாத தூரத்தில் இருப்பதாகக் கணக்கு. முதுகுப்பையின் மேல் ஜிப்பில் வைத்தால் ஜிப்பைத் திற, எடு, விரி, மூன்றோடு முடிந்தது, தேறாது. பெரிய பெட்டிக்குள் துணிக்கு அடியில், ஜிப் போட்ட கழிப்பறைப் பைக்குள், அதற்குள் மூடிய டப்பாவில் என்றால் பெட்டி, மூடி, துணி, உள்ஜிப், டப்பா, ஐந்தாறு அசைவு ஆகும். எண்ணுவது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் பிளாட்ஃபாரத்தில் நிற்கும் போலீஸ்காரர் எண்ணுவதும் இதைத்தான். ஒரு சிறு பூட்டு போட்டுவிட்டால் எண்ணும் வேலையே இல்லை.

உணவு நேரத்தில் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்துப் பழம் நறுக்குவது என்ற எண்ணத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். பழத்தைப் புறப்படும் முன்பே நறுக்கி டப்பாவில் போடுவது எளிது.

நாள் 5: ப்ரூன்னன், இபாக்

பாஸல் எல்லையைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. சுவிஸ் ஆயுதச் சட்டம் எது ஆபத்தான பொருள் என்று வரையறுக்கிற இடத்திலேயே, சுவிஸ் ராணுவப் பாக்கெட் கத்தி போன்றவை அதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் ஒரு பாக்கெட் கத்தியைப் பெயர் சொல்லி விடுவிப்பது அபூர்வம். தடை யாருக்கு என்றால், ஒரு கையால் இயங்கும் தானியங்கி விசை இருந்து, விரித்த மொத்த நீளம் 12 செ.மீ.யையும் அலகு 5 செ.மீ.யையும் தாண்டுகிற கத்திக்கு. பட்டாம்பூச்சிக் கத்தி, எறிகத்தி, இருபுறமும் ஒத்த அலகுள்ள குத்துவாள் ஆகியவையும் அந்தப் பக்கம்தான்.

நம் ஐந்தும் இங்கே நிம்மதியாக நடக்கலாம்.

விக்டோரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்ஸனர் 1884-இல் இபாக்கில் பட்டறை தொடங்கினார். 1891-இல் ராணுவத்துக்கு முதல் சிப்பாய்க் கத்தி போனது, 1897-இல் அதிகாரிக் கத்தி பதிவானது. தொழிற்சாலை இபாக்கில் இருக்கிறது. பயணிகள் போகும் அருங்காட்சியகம் பக்கத்து ப்ரூன்னனில், ஏரிக்கரையில். அங்கே கத்தியை நீங்களே கோத்துப் பார்க்கலாம்: பித்தளை ஆணிகளில் தகடு, ஸ்பிரிங், அலகு என்று ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் அழுத்தியில் வைத்து இறுக்கி, சிவப்புக் கைப்பிடி மேலோட்டை இருபுறமும் பொருத்துவார்கள். பூட்டில்லாத கத்தி எப்படி நிற்கிறது என்பதை ஆயிரம் சொல்லில் விளக்குவதைவிட அந்த முதுகு ஸ்பிரிங்கை ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்ப்பது மேல். மணலோ ரொட்டித் துகளோ அதனடியில் சேர்ந்தால் அலகு பாதியில் தயங்கும். வெந்நீரில் விரித்து மடக்கி அலசி, உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

இங்கேதான் இந்தப் பயணத்தின் பெரிய நகைமுரண். சுவிஸ் அரசு தன் சிப்பாய்க்குக் கொடுக்கும் 111 மி.மீ. கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாஸல் நிலையத்திலிருந்து ஜெர்மன் பக்கம் இறங்கினால் 42அ. ஜெர்மன் ராணுவத்துக்கென்று இதே நிறுவனம் செய்த ஒரு கைக் கத்திக்கும் அந்நாட்டுத் தெருவில் அதே கதி. இப்படி நாடு நாடாக விதி இறுகுவதால், அலகே இல்லாத பாக்கெட் கருவிகளை வடிவமைத்து வருவதாக 2024-இல் நிறுவனமே அறிவித்தது.

பரிசு வாங்குபவர்களுக்கு: வாங்குவது உங்களுக்காக அல்ல என்றால், பெறுபவர் இருக்கும் நாட்டை மனத்தில் வைத்து வாங்குங்கள். 111-இல் பூட்டு இருக்கிறது, 91-இல் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும்.

நாள் 6: சவோய்

ஜெனீவா வழியே ஷாம்பெரி. ஒபினெல் பிறந்த மலைநாடு. 1890-இல் ஜோசஃப் ஒபினெல் செய்தது, பீச் மரக் கைப்பிடியும் அலகும் ஓர் ஆணியும் மட்டும். கழுத்து வளையம் 1955-இல்தான் வந்தது. முதலில் அது விரிந்த நிலையில் மட்டும் பூட்டியது, 2000 முதல் மடங்கிய நிலையிலும் பூட்டுகிறது. பாக்கெட்டில் தற்செயலாக விரியாமல் இருக்க உதவுவது இந்த இரண்டாவது பூட்டுத்தான். 2 முதல் 5 வரையுள்ள எண்களுக்கு வளையம் கிடையாது, 6-இலிருந்து உண்டு. அலகு 5-இல் 6 செ.மீ., 6-இல் 7, 7-இல் 8, 8-இல் 8.5. லண்டனுக்கும் கோபன்ஹேகனுக்கும் போகிறவர்களுக்கு 5-க்கும் 6-க்கும் இடையிலுள்ள அந்தக் கோடுதான் முக்கியம். கடையில் பார்க்கும்போது வெறும் ஒரு செ.மீ. வித்தியாசம்.

மரக் கைப்பிடியின் குணம் ஒன்று. நனைந்தால் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம் போகும். மலைக்காரர்கள் செய்வது: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருகி, கைப்பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் அல்லது கல்லில் ஒரு தட்டு. அலகின் முனை குழியிலிருந்து எட்டிப் பார்க்கும், பிடித்து விரிக்கலாம். வெயிலில் அல்லது அடுப்பருகே காயவைக்க அவசரப்பட்டால் மரம் வெடிக்கும். நிழலில் ஓரிரு நாள் விட்டாலே பழைய நிலைக்கு வந்துவிடும்.

நாள் 7: தியேர்

பிரான்ஸின் கத்தித் தொழிலின் தலைநகர். டூரோல் ஆற்றின் சரிவு சக்கரங்களைச் சுழற்ற, சாணைக்காரர்கள் பலகையில் குப்புறப் படுத்து முகத்தை ஈரச் சாணைக்கல்லுக்கு நேரே வைத்து அலகு தீட்டினார்கள். கல்லின் மஞ்சள் சேறு உடம்பில் ஒட்டியதால் அவர்களுக்கு "மஞ்சள் வயிற்றுக்காரர்கள்" என்று பெயர். குளிருக்குக் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். பழைய புகைப்படங்களில் அந்த நாய்களைக் காணலாம்.

லாகியோல் என்ற புகழ்பெற்ற மடக்குக்கத்தியில், பிரான்ஸில் செய்யப்படுவதன் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. லாகியோலுக்குப் பொதுவாகப் பூட்டு இல்லை, ஸ்பிரிங்தான். மடக்கும்போது டப்பென்று விட்டுவிடாதீர்கள்: கூர் போய் ஸ்பிரிங்கில் இடித்துப் பல் விழும். கடைசி ஒரு செ.மீ.யைக் கையால் இறக்க வேண்டும். பூட்டில்லை என்பதால் லண்டனில் செல்லும் என்று எடுத்துப் போனால் வேறு சிக்கல். அலகு பெரும்பாலும் 10 செ.மீ. பக்கம், 3 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது.

சரி, பிரான்ஸில் எத்தனை செ.மீ.? அந்தக் கேள்வியே இங்கே செல்லாது. கத்தி "டி" வகை ஆயுதம். வாங்கலாம், வீட்டில் வைக்கலாம். நியாயமான காரணமின்றி உடம்போடோ வாகனத்திலோ கொண்டுபோகக் கூடாது. நீளமோ பூட்டோ ஒரு கையோ எதுவும் பாதுகாப்பு எல்லை ஆகாது. "உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் சரி" என்று கடையிலும் சந்தையிலும் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. வழக்கு நடத்தாமலே 500 யூரோ அபராதச் சீட்டு எழுதும் முறையும் இப்போது உண்டு.

காரணம் என்பது சூழலோடு சேர்ந்து வருவது. மதியம், மலைப்பாதை, பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், அவற்றோடு துணியில் சுற்றிய ஒபினெல்: கதை தானே சொல்லிக்கொள்ளும். அதே ஒபினெல் நள்ளிரவு, ஜீன்ஸ் பாக்கெட், மெட்ரோ: கதையும் மாறிவிட்டது. முடிவு அந்த இடத்தில் நிற்கும் அதிகாரியின் கையில். எனவே பிரான்ஸில் நடைமுறை இதுதான்: கத்தி அது வெட்டப்போகும் பொருளோடு ஒரே பையில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் பையின் அடிக்குப் போகட்டும். நகரத்து மாலை உலாவுக்கு 58 மி.மீ.யையும் அறையில் விட்டுப் போவது நல்லது. லண்டனில் காரணமே கேட்காத கத்திக்கு இங்கே காரணம் வேண்டும் என்பதை இங்கிலாந்திலிருந்து வருபவர்கள்தான் அதிகம் மறக்கிறார்கள்.

நாள் 8: கோபன்ஹேகன்

லியோனிலிருந்து விமானம், நாள் 2-இல் சொன்ன அட்டையும் ரப்பரும் மறுபடி.

டென்மார்க்கின் கத்திச் சட்டம் நீண்டகாலம் ஐரோப்பாவின் கடுமையானவற்றில் ஒன்று. வேலை முடிந்து கழற்ற மறந்த கத்திக்குக்கூட 7 நாள் சிறை என்ற காலம் இருந்தது. 2016-இல் தளர்த்தினார்கள். இப்போதைய நிலை: பொது இடத்தில் கத்தி என்றால் ஏற்கத்தக்க நோக்கம் வேண்டும், வேலை, வேட்டை, மீன்பிடிப்பு போல. விலக்கு ஒன்றே: அலகு 7 செ.மீ.க்கு மேல் போகாத, விரிந்த நிலையில் பூட்ட முடியாத மடக்குக்கத்தி. போலீஸ் சோதனை மண்டலம் அறிவித்த தெருக்களில் சந்தேகமின்றியே பையைத் திறக்கச் சொல்வார்கள்.

லண்டனைவிட இது 6 மி.மீ. குறைவு. அந்த 6 மி.மீ.க்குள்தான் 91 மி.மீ. விக்டோரினாக்ஸ் நிற்கிறது. அதன் அலகை முனையிலிருந்து கைப்பிடி வரை அளந்தால் 7-ஐத் தொட்டும் தொடாமலும் வரும். தீட்டித் தீட்டித் தேய்ந்த பழைய கத்தி என்றால் சற்றுக் கூடுதல் நிம்மதி. புத்தம் புதியது என்றால் அறையிலேயே இருக்கட்டும். ஒபினெல் 5-உம் 58-உம் தயக்கமின்றி வெளியே வரலாம். ஒபினெல் 6 அலகில் 7 செ.மீ.தான், ஆனால் வளையம் அதைத் தோற்கடிக்கிறது.

திரும்பும் விமானம் லண்டனுக்கு. தியேரில் வாங்கிய லாகியோல், ஷாம்பெரியில் வாங்கிய ஒபினெல் 8 ஏதாவது பையில் இருந்தால், கடை டேப் பிரியாமல், ரசீதோடு, பெட்டியோடு செக்-இன் பையில் வையுங்கள். லண்டனில் இறங்கி வீடு போகும் வழியில் கேட்டால், வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்பதுதான் காரணம். அந்தப் பெட்டியும் ரசீதும் அதற்குச் சாட்சி. வழியில் நண்பர் வீட்டில் இறங்கி, பிரித்துக் காட்டி, அப்படியே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் அந்தக் காரணம் அங்கேயே தீர்ந்துவிடும். சாவிக்கொத்துக் கத்தியை இப்போதே கழற்றுங்கள். ஸ்கேனர் வரிசை இன்னும் வரவில்லை.